கடலுக்கு ஒரு ஜன்னல்

குளிர்காலத்தில் எங்கள் ஊரில் கடல் தெரியாது, கேட்கும். நவம்பர் பிறந்ததும் புல்டோசர் கடற்கரையில் இறங்கி, மணலையெல்லாம் ஒதுக்கி, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கரையாக ஊர் நீளத்துக்கும் குவித்துவிடும். கோடையில் ஜெர்மன்காரர்கள் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்துப் புரண்ட அதே மணல்தான் ஏப்ரல் வரைக்கும் அலைக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் கடல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்து அறையில் யாரோ பீரோவை இழுத்து இழுத்து இடம் மாற்றுவது போல ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. கடற்கரையில் மூன்று தலைமுறையாக ஹோட்டல் நடத்தும் குடும்பத்தில் பிறந்தவன் கடலுக்குப் பயப்படுகிறான் என்று தெரிந்தால் யார் அறை எடுப்பார்கள்? அதனால் வெளியே சொன்னதில்லை. என் மனைவி ஈரிதேவுக்கு மட்டும் தெரியும். அவள் அதை வைத்து முப்பது வருஷமாக என்னைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறாள்.

இப்படி நிம்மதியாகப் பயந்துகொண்டிருந்த ஊரில், குளிர்காலத்திலும் சுற்றுலா வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டது. அவர் பெயர் கோல்ஃபரெல்லி. செருப்புக் கடை வைத்திருந்தவர், நகரசபையில் சுற்றுலாவுக்குப் பொறுப்பாளர் ஆனார். அன்றிலிருந்து அவர் வாயிலிருந்து ஒரு சாதாரண வாக்கியம் வந்து யாரும் கேட்டதில்லை.

“பருவம்ங்கிறது நாள்காட்டியில இல்ல, சவுரோ. அது ஒரு மனநிலை” என்றார் என்னிடம். “இனிமே நாம வெயிலை விக்கப் போறதில்ல. தனிமையை விக்கப் போறோம்.”

சரக்குக்குப் பஞ்சமில்லைதான். ஜனவரியில் ரயில் நிலையத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை நடந்தால் மருந்துக் கடைக்காரரைப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் அவருடைய நாயையும் பார்க்கலாம். மற்றபடி பூட்டிய ஹோட்டல்கள், பிளாஸ்டிக் உறை போர்த்திய பனைமரங்கள், ‘மே மாதம் சந்திப்போம்’ என்று எழுதி வைத்துவிட்டுப் போன ஐஸ்கிரீம் கடைகள்.

தனிமையைப் பரிசோதித்துச் சான்று கொடுக்க மிலானிலிருந்து டாக்டர் எர்மெத்தே வஸ்ஸல்லி வருவதாக ஏற்பாடு. எங்கள் நாட்டில் பட்டம் வாங்கியவன் எல்லாம் டாக்டர்தான். காய்ச்சலுக்கு மருந்து தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. ‘அமைதியான சுற்றுலா’ என்பது அவருடைய துறை. அவருக்கு மதிய விருந்து வைக்க எங்கள் ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்தத் தெருவில் குளிரில் வெடிக்காமல் மிச்சமிருந்த, அறைகளைச் சூடாக்கும் ஒரே கொதிகலன் எங்களுடையது.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் சாப்பாட்டுக் கூடத்தின் பெரிய கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தால் தெரிவது மணல். கோல்ஃபரெல்லி இதை வந்து பார்த்தார், தாடையைத் தடவினார், ஒரு முடிவுக்கு வந்தார். மறுநாளே புல்டோசர்க்கார லெயார்க்கோ வந்து எங்கள் ஹோட்டலுக்கு நேரே மணற்கரையை வெட்டித் திறந்துவிட்டான். இரண்டு பேருந்து ஒன்றாக நுழையலாம், அவ்வளவு அகலம். கோல்ஃபரெல்லி அதற்குப் பெயரும் வைத்தார்: ‘கடலுக்கு ஒரு ஜன்னல்’.

ஈரிதே இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். “ஜன்னல் சரி. மூடறது எப்ப?”

“டாக்டர் கார்ல ஏறினதும் மூடிருவோம்மா. ஒரே ஒரு நாள்.”

“அந்த ஒரு நாள் காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?”

“வானிலையெல்லாம் நகரசபை அதிகாரத்துக்கு உட்பட்டது இல்லம்மா” என்று சிரித்தார் அவர். நானும் கூடச் சிரித்தேன். விளம்பரத் தாளில் எங்கள் ஹோட்டல் பெயர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். பயந்தவனுக்கும் ஆசை உண்டு.

அந்த நாள் விடியும்போதே தென்கிழக்குக் காற்று பிடித்திருந்தது. எங்கள் பக்கக் கடலை இந்தக் காற்று ஒரு மூலைக்கு நெட்டித் தள்ளிக் குவிக்கும். அதுவும் பௌர்ணமி சமயம் என்றால் தண்ணீருக்குத் திரும்பிப் போகவே மனசு வராது. அன்று பௌர்ணமி. விருந்தைத் தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் அரசாங்கத்தைக் கலைக்கலாம், கல்யாணத்தை நிறுத்தலாம். அடுப்பில் எலும்பு ரசம் கொதிக்க ஆரம்பித்த பிறகு மதியச் சாப்பாட்டை நிறுத்த யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஈரிதே காலையிலேயே ரசத்தை ஏற்றிவிட்டாள்.

டாக்டர் வஸ்ஸல்லி வந்தார். ஒல்லி உடம்பு, கழுத்தைச் சுற்றி ஒரு நீளத் துண்டு. தாழ்வாரத்தில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, “ஆஹா, இல்லாமையின் மணம்” என்றார். அது பூஞ்சை. ஐந்து மாதமாக ஜன்னல் திறக்காத வீட்டின் மணம். நான் குனிந்து வணங்கினேன்.

மேஜையில் மூன்று பேர். டாக்டர், கோல்ஃபரெல்லி, நான். ரசத்தில் மிதந்த, ரொட்டித்தூளைப் பிசைந்து பிழிந்த இழைகளைச் சுவைத்துக்கொண்டே டாக்டர் பேசினார். மனிதன் ஏன் வெறுமையைத் தேடுகிறான் என்பது பற்றி. கோல்ஃபரெல்லி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே வெறுமை இல்லை. வெட்டிய மணலுக்கு நடுவில், சாம்பல் நிறத்தில், கடல் நின்றது. ‘நின்றது’ என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கிடக்க வேண்டியது எழுந்து நின்றது. மாதக்கணக்கில் சத்தமாக மட்டும் இருந்த ஒன்று கதவைத் திறந்துகொண்டு முகத்தைக் காட்டுவது போலிருந்தது. நான் கரண்டியை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

“கொஞ்சம் குளிருது” என்றார் டாக்டர். “முழங்கால்ல மட்டும். ஒரு சின்னப் போர்வை கிடைக்குமா? தொந்தரவு இல்லன்னா.”

ஈரிதே சமையலறை வாசலில் நின்றிருந்தாள். “கீழ இருக்கு, எடுத்துட்டு வரேன்” என்றாள். போகும்போது என் காதருகில் குனிந்து, “வெறுமையைத் தேடி வந்த ஆளுக்கு முட்டியில போர்வை வேணுமாம்” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “சீக்கிரம் வந்துடு” என்றேன். “ஏன், கடல் உன்னைப் பிடிச்சுட்டுப் போயிருமா?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கீழே என்றால் தரைக்கு அடியில். எங்கள் வரிசை ஹோட்டல்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான்: சலவை அறை, சரக்கு அறை, துணி அறை எல்லாம் கீழே. உள்ளே சமையலறையிலிருந்து படி. வெளியே கடல் பார்த்த பக்கத்தில், லாரியிலிருந்து சாமான் இறக்க ஒரு சரிவு.

முதல் அலை மணல் திறப்பு வழியாக நுழைந்து, நடைபாதை மேல் நுரையைப் பரப்பிவிட்டுத் திரும்பியது. டாக்டர் எழுந்து கண்ணாடியருகே போனார். “என்ன ஒரு நேர்மை!” என்றார். “இந்தக் கடல்கிட்ட பாசாங்கே இல்ல.”

“உயிருள்ள காட்சி, டாக்டர்! பாத்துக்கங்க, இதுக்குத்தான் நாங்க திறந்து வெச்சோம்” என்றார் கோல்ஃபரெல்லி.

அடுத்த அலை திரும்பவில்லை. ரோட்டைத் தாண்டி வந்து, எங்கள் வேலி இரும்பைப் பிடித்து உலுக்கி, சுற்றுமுற்றும் பார்த்து, சரக்குச் சரிவைக் கண்டுபிடித்தது. அதற்குப் பின்னால் வந்த தண்ணீர் எல்லாம் அதே வழியைப் பிடித்துக்கொண்டது. எங்கள் காலுக்கடியில், தரைக்குள்ளிருந்து, ஒரு ராட்சதத் தொண்டை விழுங்குவது போலச் சத்தம் வந்தது. விளக்குகள் அணைந்தன.

“ஈரிதே” என்றேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

படிக்கட்டின் பாதியிலேயே தண்ணீர் ஆரம்பித்துவிட்டது. கறுப்பாக இருந்தது. சலவைத்தூள் டப்பா ஒன்று நிதானமாகச் சுற்றிக்கொண்டே மிதந்து வந்தது. நான் கடைசி ஈரமில்லாத படியில் நின்றேன். நின்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அங்கிருந்தே கத்தினேன்.

“ஈரிதே!”

“கத்தாத, காது கேக்குது!” கீழே, இருட்டில், மரக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “கதவு திறக்க மாட்டேங்குது! துணி அறைக்குள்ள இருக்கேன்!”

துணி அறைக்கு ஜன்னல் கிடையாது. பழைய காலத்துக் கதவு. வெளிப்பக்கம், நடைவழியை நோக்கித் திறக்கும். நடை முழுக்கக் கடல்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. குளிர் இடுப்பைப் பிடித்தபோதுதான் இறங்கிவிட்டேன் என்று தெரிந்தது. பின்னால் டாக்டர் தன் கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு படியில் நின்றார். அந்த வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது.

“தீயணைப்புப் படைக்குச் சொல்லியாச்சு!” என்றார். “ஊரெல்லாம் கூப்பிடறாங்களாம். முடிஞ்சவரை சீக்கிரம் வராங்களாம்.”

“கோல்ஃபரெல்லி எங்க?”

“ஓடிட்டார்.”

எங்கே என்று கேட்கவில்லை. ஓடுவதற்கு அன்று நிறையக் காரணங்கள் இருந்தன.

கதவின் பிடியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தேன். சுவரையே இழுப்பது போலிருந்தது. கால் வைத்து உதைத்துக்கொண்டு இழுத்தேன். பிடி கையோடு வந்துவிட்டது. தண்ணீர் தொப்புளுக்கு ஏறியது.

“உள்ள எவ்வளவு தண்ணி?” என்று கத்தினேன்.

“முழங்காலுக்குக் கீழ. கதவுக்கு அடியில கசியுது. வெளிய?”

நான் கதவின் விளிம்பைத் துழாவினேன்.

“சவுரோ, வெளிய எவ்வளவுன்னு கேட்டேன்.”

“கொஞ்சம் அதிகம்.”

“பொய் சொன்னா உன் குரல் பூனை மாதிரி ஆயிரும். நெஞ்சு வரைக்குமா?”

“இன்னும் இல்ல.”

கதவுக்குப் பின்னாலிருந்து டொக் டொக் டொக் என்று சன்னமாக ஒரு சத்தம் மட்டும். கதவைத் தட்டுகிறாள் என்று நினைத்தேன்.

“சரி, கேளு” என்றாள். “வெளிய இருக்கற தண்ணிதான் கதவை இந்தப் பக்கமா அமுக்குது. நீ ராத்திரி வரைக்கும் இழுத்தாலும் வராது. கீழ்ப் பலகையை உடை. தண்ணி உள்ள வரட்டும். ரெண்டு பக்கமும் சமம் ஆனா திறக்கும்.”

“உள்ள வரட்டுமா? உனக்குப் பைத்தியமா?”

“உடை!”

“நீ குள்ளம்டீ!”

“அதை இப்பதான் கண்டுபிடிச்சியா?”

டாக்டர் படியிலிருந்து, “கோட்பாட்டளவுல அந்த அம்மா சொல்றது சரி. ஆனா நிபுணர்கள் வர்ற வரைக்கும்…” என்று ஆரம்பித்தார்.

“அந்த ஆளை வாயை மூடச் சொல்லு!” என்றது கதவு.

அவர் மூடிக்கொண்டார். நான் கதவைப் பார்த்தபடி நின்றேன். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம், உள்ளங்கை கனமுள்ள மரத்துக்குப் பின்னால், என் மனைவி. நடுவில் இருக்கும் ஒரே தடுப்பை நானே உதைத்து உடைக்க வேண்டும். காத்திருந்தால் தீயணைப்புக்காரர்கள் வரலாம். காத்திருந்தால் வெளியே தண்ணீர் என் கழுத்துக்கு ஏறி, நான் படிக்குப் பின்வாங்கி, உள்ளே அவள் இருட்டில் மெதுவாக… அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. உடைத்தால் கடலை அவள் மேல் ஏவிவிட்டவன் நான்தான்.

“சவுரோ,” என்றாள். கிண்டல் இல்லாத குரல். அந்தக் குரலை நான் எப்போதாவதுதான் கேட்டிருக்கிறேன். “எனக்குப் பயமா இல்ல. நீ உடை.”

உதைத்தேன். தண்ணீருக்குள் உதைப்பது கனவில் ஓடுவது போல. கால் போய்ச் சேரவே மாட்டேன் என்கிறது. மறுபடியும் உதைத்தேன். எங்கோ ஒரு விரிசல் சத்தம். சுவரில் முதுகைக் கொடுத்து, கண்ணை மூடி, முழு உடம்பையும் சேர்த்து உதைத்தேன். பலகை உடைந்தது. உடைந்த ஓட்டைக்குள் என் கால் தொடை வரைக்கும் போனது. அதோடு கடலும் அந்த ஓட்டையை நோக்கிப் பாய்ந்து என்னை உறிஞ்சி இழுத்தது. நான் தண்ணீருக்குள் போய்விட்டேன்.

உப்பும் சலவைத்தூளும் தொண்டையில் இறங்கின. கையில் பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஐம்பது வருஷமாக எதற்குப் பயந்தேனோ அதற்குள் தலைகீழாகக் கிடக்கிறேன் என்ற எண்ணம் மட்டும் தெளிவாக இருந்தது. அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு கைகள் என் காலைப் பிடித்தன. ஷூவைக் கழற்றின. பாதத்தில் கை வைத்து, அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுவது போல ஒரே தள்ளாகத் தள்ளின.

நான் மேலே வந்து மூச்சு வாங்கியபோது அவள் கத்திக்கொண்டிருந்தாள். “ஓட்டையைப் போட்டதும் நீயே, அடைச்சதும் நீயே! மண்டூகம்!”

பிறகு தண்ணீர் உள்ளே பாயும் இரைச்சலில் அவள் குரல் மூழ்கியது.

“ஈரிதே?”

கதவைக் கையால் அறைந்தேன்.

“ஈரிதே!”

இரைச்சல் மட்டும். கடைசியாக அதுவும் குறைந்தது. குளியல் தொட்டி நிரம்பி முடிகிற மாதிரி ஒரு களக் களக். அந்த அமைதிதான் அன்றைய நாளிலேயே எனக்கு மிகப் பயங்கரமாக இருந்தது. கதவின் விளிம்பில் விரல்களை நுழைத்து இழுத்தேன். நகம் பெயர்ந்தது. கதவு, ஏதோ எப்போதும் அப்படித்தான் என்பது போல, சாதுவாகத் திறந்தது.

உள்ளே இருட்டு. விரிப்புகள் வெள்ளையாக உப்பி மிதந்தன. ஒவ்வொன்றையும் அவள் என்று நினைத்து அள்ளினேன். ஒவ்வொன்றும் துணியாக இருந்தது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. டாக்டர் நடையில் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். கழுத்துத் துண்டு அவர் முன்னால் மிதந்தது. தான் இறங்கி வந்ததே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வெளிச்சம் மேலே ஏறியது. உயர அடுக்கின் மேல், கூரைக்கும் போர்வைகளுக்கும் நடுவில், ஈரிதே குந்தியிருந்தாள்.

“அந்த விளக்கைக் கண்ணுலேர்ந்து எடுக்கச் சொல்லு” என்றாள். அவள் பற்கள் டொக் டொக் டொக் என்று அடித்துக்கொண்டன. கதவுக்குப் பின்னால் நான் கேட்ட சத்தம் அதுதான்.

நாங்கள் மேல் மாடிக்கு ஏறினோம். மூன்று பேரும் ஓர் அறையில், உறை போடாத மெத்தையின் விளிம்பில், வரிசையாக உட்கார்ந்தோம். நான் ஈரிதேவின் சட்டைக் கையைப் பிடித்திருந்தேன். “கை வலிக்குது, விடு” என்றாள். விடவில்லை. அவளும் மறுபடி சொல்லவில்லை.

ஜன்னல் வழியாக, ரோட்டில் லெயார்க்கோவின் புல்டோசர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருவது தெரிந்தது. அதன் படியில் தொற்றிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, கோல்ஃபரெல்லி. ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால் வழி காட்டினார். வழி காட்டாமல் அவரால் இருக்க முடியாது. ஆனால் அழைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் மணலைத் தள்ளத் தள்ள அலை அதைத் தின்றது. வெகுநேரம் எது ஜெயிக்கும் என்று தெரியவில்லை.

“இன்னும் ஏறுமா?” என்று கேட்டார் டாக்டர். சின்னக் குரல். அன்று முழுவதும் அவர் பேசியதிலேயே எனக்கு மனதாரப் புரிந்த வாக்கியம் அதுதான்.

“தெரியாது” என்றாள் ஈரிதே. கட்டிலில் கிடந்த கோடைக்கால விரிப்பை எடுத்து அவர் முழங்காலில் போட்டாள்.

அந்தி சாயும்போது திறப்பு அடைபட்டது. டாக்டரைத் தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தன் அறிக்கையில் அவர் என்ன எழுதினார் என்று தெரியாது. குளிர்காலச் சுற்றுலா பற்றி அதற்குப் பிறகு எங்கள் நகரசபையில் யாரும் வாய் திறக்கவில்லை.

கீழே தண்ணீரை இறைத்து முடித்த அன்று காலையில் திருப்புளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். துணி அறைக் கதவைக் கீலோடு கழற்றிவிடுவதாக முடிவு. ஈரிதே படிக்கட்டின் உச்சியில் நின்றாள். பேய் மழையிலும் தனியாகக் கீழே போய் எலிப்பொறி வைத்துவிட்டு வருகிறவள். அன்று ஒரு படிகூட இறங்கவில்லை.

திருகாணிகள் உப்பேறி இறுகியிருந்தன. நான் முனகாமல் வேலை செய்தேன்.

“சவுரோ?” என்றாள் மேலிருந்து.

“என்ன?”

“ஒண்ணுமில்ல.” கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “சவுரோ?”

“இங்கதான் இருக்கேன்.”

“சும்மா இருக்காத. பேசிக்கிட்டே இரு.”

“என்ன பேசறது?”

“எதையாவது. நிறுத்தாம.”

நான் பேசினேன். திருகாணியைப் பற்றி, பூஞ்சையைப் பற்றி, கோல்ஃபரெல்லி இன்னொரு செருப்பை எங்கே தொலைத்தார் என்பது பற்றி. கதவு கழன்று கையில் கனமாக விழுந்தது. அதைச் சுவரில் சாய்த்து வைத்தேன். வேலை முடிந்துவிட்டது. மணலுக்கு அந்தப் பக்கம் பீரோ நகரும் சத்தம் கேட்டது. நான் பேசிக்கொண்டே இருந்தேன்.